ரத்தப் பரிசோதனைக்கு யார் பேப்பர் திருத்துவது?

கொஞ்சம் நீளமான பதிவு. பாடம் நடத்திப் பழகிய வாய், சுருக்கமாகச் சொல்ல வராது. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன ஐப்பசியில் நடந்தது. அடைமழை. என் துணைவியாருக்குப் பிரஷர் மாத்திரை பல வருடமாக ஓடுகிறது. டாக்டர் வழக்கமாகப் பார்க்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனைக்கு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு ஆய்வகத்தில் சொல்லியிருந்தோம். சாயங்காலம் ஒரு பையன் பைக்கில் வந்தான். மரியாதையான பையன். ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் மதியம் ரிப்போர்ட் கைபேசிக்கு வந்தது. பொட்டாசியம் 6.8 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. இருக்க வேண்டியது ஏறக்குறைய 3.5 முதல் 5.1 வரை.

டாக்டருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "சார், வீட்டுல வச்சுப் பார்க்காதீங்க. இது இதயத்துடிப்பையே நிறுத்திரும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த எண்ணைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கிளம்பினோம். உசிலம்பட்டி தாண்டும் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான், "எனக்கு ஒண்ணுமே செய்யலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒருமுறை, "பீரோ சாவி அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்கு" என்றாள். அந்த ஒரு வாக்கியம் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

அங்கே இளம் டாக்டர் ஒருவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். சந்தேகமாகத் திரும்பினார். "ஐயா, ஈசிஜி நல்லா இருக்கு. நேத்து ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க? எத்தனை மணிக்கு மெஷின்ல போட்டாங்க?" எனக்கு என்ன தெரியும்? புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 4.3. மாத்திரையைக்கூட மாற்றவில்லை. காலையில் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

ஊருக்கு வந்ததும் அந்த ஆய்வகத்துக்குப் போனேன். சண்டை போட அல்ல, தெரிந்துகொள்ள. பொறுப்பில் இருந்த தம்பி நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "சார், மெஷின் புதுசு. மெஷின் பொய் சொல்லாது." மெதுவாகப் பேசப் பேச விஷயம் வெளியே வந்தது. சாயங்காலம் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல், அப்படியே டியூபோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் மற்ற ரத்தங்களோடு சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள். கெட்டுப்போகக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான்.

வேதியியல் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே பிளாஸ்மாவில் இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அணுவின் சவ்வில் இருக்கும் ஒரு பம்ப்தான் அதை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. குளிரில் அந்தப் பம்ப் வேலை செய்யாது. பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். அணு உடையாததால் பார்க்க நிறமும் மாறாது. மெஷின் பொய் சொல்லவில்லைதான். டியூபுக்குள் உண்மையிலேயே 6.8 இருந்தது. என் மனைவியின் உடம்பில்தான் இல்லை.

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் அன்றைக்கே போய்விட்டது. பயம்தான் போகவில்லை. ஏனென்றால் எங்களுக்கு வந்த தப்பு, கண்டுபிடிக்கக்கூடிய தப்பு. அளவு கூடுதலாகக் காட்டியதால் மறுபடி பார்த்தார்கள். தப்பாக "நார்மல்" என்று வரும் ரிப்போர்ட்டை யார் மறுபடி பார்ப்பார்கள்?

உதாரணத்துக்குச் சர்க்கரை. எடுத்த ரத்தம் அப்படியே டியூபில் இருந்தால், அதிலுள்ள அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் குறையும். அதனால்தான் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட, ஃபுளோரைடு உள்ள டியூப். வேறு டியூபில் எடுத்து, கூடலூரிலோ தேவாரத்திலோ கலெக்‌ஷன் சென்டரில் மூன்று மணி நேரம் கிடந்து, பிறகு பஸ்ஸிலோ பைக்கிலோ ஊர் வந்து சேர்ந்தால், வெறும் வயிற்றில் 126 இருந்தது 105 பக்கத்தில் காட்டும். 126 என்றால் சர்க்கரை நோய். 105 என்றால் "கொஞ்சம் கவனமா இருங்க". அந்த மனிதர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார். நான்கு வருடம் கழித்துக் காலில் புண்ணோடு வருவார். இதில் யார் தப்பு என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இந்த விஷயத்தைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் போனில் கேட்டேன். அவன் ஒரு கேள்வி கேட்டான். "சார், நம்ம பேப்பரை நாமளே திருத்திக்கிட்டா எப்படி சார் இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு நம் லேப் ஞாபகம் வந்தது. பிளஸ் டூ செய்முறை வகுப்பு. பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். முப்பது பேருக்கும் ஒரே பெரிய பாட்டிலில் இருந்துதான் கரைசல் ஊற்றிக் கொடுப்பேன். எல்லோருக்கும் 20.2 வரும். ஒருவனுக்கு மட்டும் 20.6. மறுபடி செய்யச் சொன்னால் 20.6. மூன்றாவது தடவையும் 20.6. "சார், மூணும் ஒத்துப்போகுது சார், நான் கரெக்ட்" என்று சாதிப்பான். பக்கத்தில் நின்று பார்த்தால், கூம்புக் குடுவையைத் தண்ணீரில் கழுவாமல், பிப்பெட்டில் எடுக்கும் கரைசலாலேயே கழுவுகிறான்! ஒட்டியிருக்கும் துளிகள் சேர்ந்து ஒவ்வொரு தடவையும் அதே அளவு கூடுகிறது. தனியாக உட்கார்ந்து நூறு தடவை செய்தாலும் அவனுக்கு அது தெரிய வராது. பக்கத்து மேஜைக்காரனின் 20.2-ஐப் பார்த்தால்தான் தெரியும். (அந்தத் தம்பி இதைப் படித்துக்கொண்டிருப்பான். பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதே.)

மருத்துவ ஆய்வகங்களும் இதே பாடத்தைத்தான் படித்தன, ஆனால் தாமதமாக. 1940-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மேன் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரே மாதிரியைப் பல ஆஸ்பத்திரி ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள், நான் ஒரே பாட்டிலில் இருந்து ஊற்றிக் கொடுத்த மாதிரி. திரும்பி வந்த பதில்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தன. நல்ல பெயர் எடுத்த ஆஸ்பத்திரிகளுக்கே அந்த நிலை. 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர், தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கப் போடும் வரைபடத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு மாதிரியைத் தினமும் ஓட்டிப் புள்ளி வைப்பது. புள்ளி கோட்டைத் தாண்டினால் அன்றைக்கு நோயாளியின் ரத்தத்தைத் தொடக்கூடாது. இன்றைக்கும் நல்ல ஆய்வகங்களில் அந்த வரைபடம் உண்டு. 1988-இல் அமெரிக்காவில் சட்டமே போட்டு, வெளியாள் அனுப்பும் மாதிரியைச் சோதித்துக் காட்டுவதைக் கட்டாயமாக்கினார்கள்.

நம் நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் சட்டம் செய்யவில்லை, சங்கங்கள் செய்தன. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

சங்கம் என்றால் நமக்கு உடனே சம்பள உயர்வு, கொடி, ஊர்வலம் ஞாபகம் வரும். நானும் ஆசிரியர் சங்கத்தில் இருந்தவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வேறு வகைச் சங்கமும் உண்டு. தன் தொழிலைத் தானே சோதித்துக்கொள்ளும் சங்கம். இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கம், சுருக்கமாக ஏசிபிஐ, அப்படி ஒன்று. 1970-களில் தொடங்கியது. எம்.டி. படித்த டாக்டர்களும், எம்.எஸ்ஸி., பி.எச்டி. படித்த விஞ்ஞானிகளும் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். 1986 முதல் சொந்தமாக ஆய்விதழும் நடத்துகிறார்கள்.

இந்தச் சங்கமும் நம் வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து ஒரு வெளித் தரச் சோதனைத் திட்டம் நடத்துகின்றன. நாடு முழுக்க ஆய்வகங்கள் பணம் கட்டி அதில் சேர்ந்திருக்கின்றன. மாதம் ஒரு குப்பி. உள்ளே உலர்த்திய மாதிரி. அளவு யாருக்கும் தெரியாது. அளந்து நீர் விட்டுக் கரைத்து, நோயாளியின் ரத்தம் போலவே மெஷினில் ஓட்டி, முடிவை வேலூருக்கு அனுப்ப வேண்டும். அதே முறையில் அதே மாதிரியைச் சோதித்த மற்ற ஆய்வகங்களின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தள்ளி இருக்கிறாய் என்று பதில் வரும். அரசுத் தேர்வு போலத்தான். வினாத்தாள் வெளியிலிருந்து வரும், திருத்துவதும் வெளியாள்.

இப்போது நியாயமாக ஒன்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "ஏப்பா, அந்த லேப் இந்தத் திட்டத்துல இருந்திருந்தா, உங்க அக்காவுக்கு வந்த தப்பு வந்திருக்காதா?"

மாணவன் நேர்மையாகச் சொன்னான். "வந்திருக்கும் சார். குப்பி மெஷினைத்தான் சோதிக்கும். ஃப்ரிட்ஜைச் சோதிக்காது. உங்க கேஸ் குப்பியில மாட்டாது."

பிறகு எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்று தோன்றும். அவன் அடுத்துச் சொன்னதற்காகத்தான். "ஆனா சார், அந்தத் திட்டத்துல இருக்கிற லேப்ல வேலை பார்க்கிறவனுக்கு, ரத்தத்தைப் பிரிக்காம ஃப்ரிட்ஜில வைக்கக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும். யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஒரு மீட்டிங்ல காதுல விழுந்திருக்கும். அந்தத் தம்பிக்குச் சொல்ல யாருமே இல்ல சார். மெஷின் வித்தவன் சொன்னது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்."

இதுதான் என் கருத்தின் மையம். குப்பி வேண்டும், ஆனால் குப்பி மட்டும் போதாது. கேட்க ஆள் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று கூச்சமில்லாமல் கேட்கும் இடம் வேண்டும். ஒரு தொழில்சார் சங்கத்தின் உண்மையான பயன் அதுதான்.

ஆனால் இந்தச் சங்கங்களின் பேச்சு பல வருடமாக வேறு ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது: ரிப்போர்ட்டில் யார் கையெழுத்துப் போடுவது? 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நோயியலில் முதுநிலை முடித்த பதிவுபெற்ற மருத்துவர்தான் மேலொப்பமிட வேண்டும் என்றது. பிறகு மத்திய விதிகள் வந்தன. 2020-இல் திருத்தம் வந்து, கருத்து எதுவும் சேர்க்காத வெறும் முடிவுகளுக்கு, தகுதியும் அனுபவமும் உள்ள விஞ்ஞானிகளும் கையெழுத்திட வழி திறந்தது. நம் தமிழ்நாட்டுக்கு 1997-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் டாக்டர்கள் ஒரு பக்கம், விஞ்ஞானிகள் ஒரு பக்கம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு எண்ணை நோயாளியின் உடம்போடு சேர்த்துப் பார்க்க டாக்டர் படிப்பு வேண்டும். மதுரையில் அந்த இளம் டாக்டர் ஈசிஜியையும் எண்ணையும் சேர்த்துப் பார்த்ததால்தான் நாங்கள் தப்பித்தோம். அதேபோல், அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே கெட்டுப்போகும் என்று அறிய வேதியியல் வேண்டும். பம்ப் கதையை எனக்குப் புரிய வைத்தவன் டாக்டர் இல்லை, எம்.எஸ்ஸி. படித்த என் மாணவன். ஒருவரில்லாமல் ஒருவர் இல்லை. அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய ஒரு கழகம் தன் பெயரிலேயே 'மருத்துவர்கள், விஞ்ஞானிகள்' என்று இருவரையும் அருகருகே வைத்துக்கொண்டது. ஆனால் நம் பள்ளத்தாக்கில் நிலைமை என்ன? கையெழுத்து யாருடையது என்று சண்டை நடக்கும்போது, பல ஊர்களில் கையெழுத்துப் போடுபவர் அந்த ரத்தத்தையும் பார்ப்பதில்லை, மெஷினையும் பார்ப்பதில்லை. கையெழுத்து முன்கூட்டியே அச்சாகி வருகிறது.

இன்னொன்று. இந்தச் சங்கங்களின் ஆண்டு மாநாடுகள் பெரிய நகரங்களில் நடக்கின்றன. பேராசிரியர்கள் கட்டுரை வாசிக்கிறார்கள். நல்லது. உத்தமபாளையத்தில் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, தனி ஆளாக ரத்தம் எடுத்து, ஓட்டி, டைப் அடித்து, கொண்டுபோய்க் கொடுக்கும் டெக்னீசியனுக்கு அந்த மண்டபத்தில் நாற்காலி இல்லை. நம் ரத்தத்தில் பெரும்பகுதி அவர் கையில்தான் போகிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் ஆய்வகத் தொழிலாளருக்கும் பதிவு, தகுதி என்று இடம் வந்திருக்கிறது. அது காகிதத்தில் இருக்கிறது. கடைவீதிக்கு வந்து சேர வேண்டும்.

நம் ஊருக்கு இது கூடுதல் அவசியம். திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காய்க் காட்டிலும் மருந்தடிப்பவர்கள் நம் மக்கள். பூச்சிமருந்து உடம்பில் ஏறியதா என்று பார்க்க கோலினெஸ்டரேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. குமுளி, போடிமெட்டுப் பக்கமிருந்து ஜீப்பில் தூக்கிக்கொண்டு வரும் ஆளுக்கு அந்த எண் எவ்வளவு முக்கியம் என்று கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

காசுதான் பிரச்சினை என்பீர்கள். பாதி உண்மை. என்ஏபிஎல் அங்கீகாரம் சிறிய ஆய்வகத்துக்குப் பெரிய செலவு. கட்டாயமும் இல்லை. சிறியவர்களுக்கென்று 2019-இல் அவர்களே எளிய திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஆனால் மீதிப் பாதி உண்மையையும் சொல்ல வேண்டும். பரிந்துரைக்கும் இடத்துக்குக் கமிஷன் கொடுக்கப் பணம் இருக்கிறது, குப்பிக்கு இல்லை. நாம் மட்டும் யோக்கியமா? "எந்த லேப்ல கம்மி?" என்று கேட்கிறோமே தவிர, "எந்த லேப்ல சரியா இருக்கும்?" என்று கேட்பதில்லை. துணிக்கடைத் தள்ளுபடி போல முழு உடல் பரிசோதனை பேக்கேஜுக்கு ஓடுகிறோம். நானும் அப்படித்தான் அந்த ஆய்வகத்துக்குப் போனேன். இருநூறு ரூபாய் குறைவு.

அதனால் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, ஆய்வகம் வைத்திருக்கும், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு. நம் தேனி மாவட்டத்தில் நீங்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். வேலூர்த் திட்டத்தில் சேருங்கள். அது வரும்வரை, செலவே இல்லாத ஒன்றைச் செய்யுங்கள். மாதம் ஒருநாள், கம்பம், சின்னமனூர், போடி, தேனி, ஆண்டிபட்டி என்று ஐந்து ஆய்வகங்கள் ஒரே ரத்தத்தைப் பிரித்து எடுத்து, அவரவர் மெஷினில் ஓட்டி, எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். யாருக்கு 20.6 வருகிறது என்று தெரிந்துவிடும். அதில் வெட்கம் இல்லை. உங்களுக்குப் போட்டி இருப்பது தெரியும். ஆனால் பக்கத்து மேஜைக்காரனின் அளவைப் பார்க்காதவன் தன் தப்பை ஒருநாளும் பார்க்க மாட்டான். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு உட்கார வையுங்கள். டீ, வடைச் செலவு என்னுடையது.

இரண்டு, மற்ற எல்லோருக்கும். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு ஓட்டுவீர்கள்? வெளித் தரச் சோதனைத் திட்டத்தில் இருக்கிறீர்களா? கையெழுத்துப் போடுபவர் இங்கே வருவாரா? சண்டை வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அந்தத் தம்பி யோசிப்பார். நூறு பேர் கேட்டால் மாறுவார். ரிப்போர்ட் உங்கள் உடம்புக்குப் பொருந்தாமல் இருந்தால், பதறுமுன் "மறுபடி ஒருதடவை பார்க்கலாமா?" என்று டாக்டரிடமே கேளுங்கள். ஆனால் அவர் உடனே போகச் சொன்னால் போய்விடுங்கள். நாங்கள் போனது சரிதான்.

அந்தத் தம்பியிடம் நான் மறுபடி போனேன். மாணவன் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இப்போது சாயங்காலம் எடுக்கும் ரத்தத்தை அன்றைக்கே சுழற்றிப் பிரித்துவிடுகிறார்களாம். "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன் சார்" என்றார். நான் நம்புகிறேன். முப்பது வருடம் வகுப்பில் நின்றவனுக்கு, சோம்பேறி யார், சொல்லிக் கொடுக்க ஆளில்லாதவன் யார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

பீரோ சாவியை இடம் மாற்றிவிட்டோம். இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்